போடி பாசஞ்சர் மீட்டர் கேஜ் பெட்டிய கிட்பேஷ் பண்றது எப்படி

மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில்ல போனவங்களுக்கு அந்த ஆட்டம் மறக்காது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏறுறப்ப பெட்டி தொட்டில் மாதிரி இங்கிட்டும் அங்கிட்டும் ஆடும், சன்னல் கம்பில கன்னத்த வச்சிட்டு மலைய பாத்துக்கிட்டே போவோம். 1928ல போட்ட லைன் அது, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல தண்டவாளத்தயே பேத்து எடுத்துட்டாங்க, அப்புறம் 50கள்ல திரும்ப போட்டாங்க, 2010 டிசம்பரோட மீட்டர் கேஜ் நின்னுச்சு. இப்ப பிராட் கேஜ் 2022ல தேனி வரைக்கும் 2023ல போடி வரைக்கும் வந்துருச்சு, ரொம்ப சந்தோஷம், ஆனா அந்த ஒல்லிப் பெட்டி திரும்ப வரப்போறதில்ல. அதான் மாடலா செஞ்சு வச்சுக்கணும்னு உக்காந்தேன்.

இதுக்கு ரெடிமேடா கிட் கிடையாது. வேற ஏதோ நாட்டு மாடல் கோச் ஒன்ன வாங்கி அறுத்து ஒட்டி நம்ம பெட்டியா மாத்தணும், அதுக்குப் பேர்தான் கிட்பேஷ்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கங்க. நிறைய பேர் ஒரு கோச்ச வாங்கி மெரூன் கலர் அடிச்சு தமிழ்ல ஊர் பேர ஒட்டிட்டு போடி பாசஞ்சர்ங்குறாங்க, பாத்தா ஒட்டவே மாட்டேங்குது. காரணம் கலர் இல்ல, கால். பிராட் கேஜ்ல 1676 மில்லி தண்டவாளத்து மேல சுமார் 3.25 மீட்டர் அகல பெட்டி, அதாவது ரெண்டு மடங்கு கூட வராது. மீட்டர் கேஜ்ல 1000 மில்லி மேல சுமார் 2.75 மீட்டர் அகலம், ரெண்டே முக்கால் மடங்கு. குறுகலான கால் மேல அகலமான ஒடம்பு, அந்த ஆட்டமும் அதுனாலதான். மாடல்ல இது வரலன்னா மத்த எதை செஞ்சும் பிரயோஜனமில்ல.

ஸ்கேல் ஹெச்ஓ எடுத்துக்கங்க, 1:87, அதாவது நெசப் பெட்டில 87ல ஒரு பங்கு. அதுல மீட்டர் கேஜுக்கு 12 மில்லி தண்டவாளம். டோனரா, அதாவது அறுக்குறதுக்கு வாங்குற கோச்சா, ஏதாவது மலிவான ஐரோப்பிய ஹெச்ஓ கோச் போதும், பழசா இருந்தாலும் பரவால்ல, ஏன்னா அவங்க கோச் அகலமும் நம்ம மீட்டர் கேஜ் பெட்டி அகலமும் கிட்டத்தட்ட ஒண்ணு, இந்த ஸ்கேல்ல 1 மில்லிதான் வித்தியாசம் வரும். நம்ம பெட்டி நீளம் சுமார் 19.5 மீட்டர், அதாவது 224 மில்லி. டோனர் 26 சென்டி கிட்ட இருக்கும், அளந்து பாத்து 224 போக மிச்சத்த நடுவுல அறுத்து எடுத்துருங்க. தரைய ஒரு எடத்துல அறுத்தா கூரைய 2 சென்டி தள்ளி அறுங்க, ரெண்டு ஜாயிண்டும் ஒரே கோட்டுல வந்தா பெட்டி நடுவுல ஒடிஞ்சுரும். உள்பக்கம் ஒரு பட்டை வச்சு ஒட்டி ஒரு ராத்திரி விட்டுருங்க.

அடுத்து போகி. நம்மூர்ல பெட்டியவே போகின்னு சொல்லுவோம், இங்க நான் சொல்றது அடில இருக்க சக்கர செட்ட. டோனரோட 16.5 மில்லி கேஜ் சக்கரத்த கழட்டிட்டு டிடி (TT) ஸ்கேல் சக்கரம் போடுங்க, ஹெச்ஓவ விட சின்ன ஸ்கேல் அது, அது 12 மில்லி கேஜ்லயே வரும், விட்டமும் 8 மில்லி கிட்ட. மீட்டர் கேஜ் சக்கரம் நெசத்துலயே சின்னது, அதனால கச்சிதமா ஒக்காரும். போகி ஃப்ரேமையும் நடுவுல அறுத்து உள்ள தள்ளி ஒட்டணும், இல்லாட்டி அச்சு லூசா கெடந்து ஆடும். டோனர்ல ரெண்டு பக்கமும் வட்டத் தட்டு மாதிரி பஃபர், அதாவது பெட்டியும் பெட்டியும் இடிக்காம தாங்குறது, இருக்கும், அத ஈவு இரக்கமில்லாம வெட்டிருங்க. மீட்டர் கேஜ்ல நடுவுல ஒரே ஒரு பஃபர்தான், கப்ளிங்கும் அதுலயே. பக்கத்துலயே வேக்குவம் பிரேக் ஹோஸ் ஒண்ணு தொங்கும், மெல்லிசான கறுப்பு ஒயர வளைச்சு ஒட்டுனா சரியா இருக்கும்.

பக்கச்சுவர்தான் பெரிய வேலை. ஐரோப்பிய கோச் சன்னல் ரொம்ப பெருசு, நமக்கு ஆகாது. கூரையும் ரெண்டு முனைச் சுவரும் மட்டும் வச்சுட்டு பக்கச்சுவர மொத்தமா அறுத்து எடுத்துருங்க, 1 மில்லி ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்ல புதுசா வெட்டுங்க. அளவுக்கு எங்க போறதுன்னு கேக்காதீங்க, நேரா பக்கவாட்டுல எடுத்த போட்டோ ஒண்ணு கெடச்சா போதும். போட்டோல பெட்டி நீளத்த ஸ்கேல் வச்சு அளங்க, அது 224க்கு சமம்னு வச்சு மத்ததெல்லாம் கணக்கு போட்டா சன்னல் அகலம், கதவு, சன்னலுக்கு நடுவுல உள்ள எடைவெளி எல்லாம் வந்துரும், சாய்ஞ்ச போட்டோல மட்டும் அளக்காதீங்க. வீட்டு ஆல்பத்துல கல்யாணத்துக்கு போனப்ப பிளாட்பாரத்துல எடுத்தது ஏதாவது இருக்கும், பின்னாடி நிக்கிற பெட்டிய பாருங்க.

இப்ப சன்னல் கம்பி. எனக்கு இதுதான் உசுரு. படுக்கை வசமா போற அந்தக் கம்பி இல்லன்னா அது நம்ம பெட்டியே இல்ல. நான் மொதல்ல நூல் கட்டி பாத்தேன், பெயிண்ட் பட்டதும் பஞ்சு மாதிரி சிலுத்துக்கிச்சு. அப்புறம் சிம்மக்கல் பக்கம் மோட்டார் வைண்டிங் பண்ற அண்ணன்கிட்ட போயி 36 கேஜ் செம்புக் கம்பி கேட்டேன். "எந்த மோட்டாருக்கு தம்பி?"ன்னாரு. "மோட்டாருக்கு இல்லண்ணே, போடி ரயில் சன்னலுக்கு"ன்னேன். கொஞ்ச நேரம் மூஞ்சியவே பாத்தாரு, அப்புறம் ஸ்பூல்ல மிச்சம் கெடந்தத காசு வாங்காம சுத்திக் குடுத்தாரு. இந்த கேஜ் கம்பியோட தடிமன், 36 கேஜ்னா 0.19 மில்லி, 38 கெடச்சா 0.15, அது இன்னும் நல்லா இருக்கும். ஒரு முழம் கம்பிய ரெண்டு முனையிலயும் பிளையர் போட்டு புடிச்சு லேசா இழுங்க, கையில ஒரு சின்ன நெகிழ்வு தெரியும், அங்க நிறுத்துங்க, கம்பி நூல் புடிச்ச மாதிரி நேரா ஆயிரும். சுவரோட உள்பக்கம் ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் ஒரே கம்பியா ஓட்டி தூண்ல மட்டும் பசை வைங்க, சன்னலுக்கு சன்னல் துண்டு வெட்டுனா கோடு கோணிக்கும்.

பசை விஷயத்துல ஒரு எச்சரிக்கை. சன்னலுக்கு வைக்கிற கண்ணாடி பிளாஸ்டிக்க ஃபெவிக்விக் வச்சு ஒட்டாதீங்க, அதுல வர்ற ஆவி பட்டு உள்பக்கமெல்லாம் வெள்ளையா பூத்துரும். எனக்கு ஒரு பக்கம் முழுக்க அப்படி போயி மறுபடி வெட்டுனேன். அதுக்கு வெள்ளை ஃபெவிகால் போதும். எல்லா சன்னலையும் ஒரே மாதிரி தொறந்து வைக்காதீங்க, போடி நோக்கி போறப்ப தெக்கு பக்கம் இடது கை, வெயில் அங்கிட்டுதான் அடிக்கும், அந்தப் பக்கம் ரெண்டு மூணு ஷட்டர எறக்கி விடுங்க. மர ஷட்டருக்கு மெல்லிசான ஸ்டைரீன்ல பிளேடால நெருக்கமா கோடு கீறுனா போதும்.

கதவுக்கு கீழ படிக்கட்டு ஸ்டேப்ளர் பின்ல வந்துரும், அடில பேட்டரி பாக்ஸும் டைனமோவும் டோனர்ல இருந்ததயே இடம் மாத்தி ஒட்டிக்கங்க.

பெயிண்டுக்கு முன்னாடி எந்த வருஷத்து பெட்டின்னு முடிவு பண்ணிருங்க. 80கள்ல ஸ்டீம் இழுத்த காலம்னா முழு மெரூன், கடைசி காலம்னா நீலம், டீசல் இன்ஜின் வைடிஎம்4. 1974க்கு முன்னாடின்னா மூணாம் வகுப்பு இருந்துச்சு, அத எழுத மறக்காதீங்க. ஸ்ப்ரே விடியகாலைல அடிங்க, மதுரை மத்தியான வெயில்ல பெயிண்ட் காத்துலயே காஞ்சு மணல் தூவுன மாதிரி சொரசொரப்பா விழும்.

கூரைய ஒட்டுறதுக்கு முன்னாடி தரையில ரெண்டு மூணு இரும்பு நட்ட போகிக்கு மேல வச்சு ஒட்டிருங்க, மேல ஒடம்பு அகலம்ங்கிறதால வெயிட் கீழ இல்லாட்டி வளைவுல சாஞ்சு விழும். கடைசியா அடிப்பக்கம் பழுப்புப் பொடியும் படிக்கட்டுகிட்ட கொஞ்சம் செம்மண் கலரும் காஞ்ச பிரஷ்ல தேச்சு விடுங்க, கூரைல ஸ்டீம் காலத்து பெட்டின்னா மட்டும் கரி.