கண்ணாடிக்குள் வந்த வெயில்

முழங்கையில் சீழ்க்கட்டி ஆறும், பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம். 20-க்குக் கீழே போனாலே குறைபாடுதான். தினமும் ஜன்னலோர வெயிலில்தானே உட்கார்ந்து வேலை செய்கிறேன்? அங்கேதான் தப்பு. தோலில் வைட்டமின் டி உருவாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி அநேகமாக முழுசாகத் தடுத்துவிடும்; வெளிச்சமும் சூடும் உள்ளே வந்துவிடும். தோல் செல்கள் கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் பொருளைச் சுரக்க இந்த வைட்டமின் தேவை.

சரி என்று, மருத்துவர் தந்த மாத்திரையோடு, என் நிழல் என்னைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் கைகால் வெயிலில் பட 15 நிமிடம் நடந்தேன். தோல் சிவக்க விடவே கூடாது. அது தோலின் எதிர்ப்பையே தளர்த்திவிடும். மூன்றாம் மாதம் அளவு 32. முழங்கையில் இப்போது மங்கிய தழும்பு மட்டும்.