1960–63 கார்வேர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1960 மாடல் ஆண்டில் ஃபோர்டு ஃபால்கன் 4 லட்சம் கார்களுக்கும் மேல் விற்றது. அதன் போட்டியான செவர்லே கார்வேர் சுமார் இரண்டரை லட்சத்தோடு நின்றது. ஃபால்கனில் புதுமை எதுவுமில்லை: முன்பக்கம், தண்ணீரில் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின். எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். கார்வேரின் எஞ்சினோ பின்னால், காற்றில் குளிர்வது. வாங்கியவர்களைச் சலிக்க வைத்த அதே இடங்களைத்தான் இன்றும் சோதிக்க வேண்டும்.

முதலில் டயர் காற்று. குளிர்ந்த நிலையில் முன்பக்கம் 15 பிஎஸ்ஐ, பின்பக்கம் 26. நான்கிலும் ஒரே அளவு அடித்தால் வளைவில் பின்பக்கம் வெளியே வீசும். ஸ்விங் ஆக்ஸில் (சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பின் அச்சு) என்பதால் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கவும் கூடும். 1964-இல் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் சேர்த்த பிறகே இது ஓரளவு அடங்கியது.

அடுத்து எஞ்சினின் அடிப்பக்கம். வால்வுகளைத் திறக்கும் புஷ்ராடு கம்பிகள் ஓடும் குழாய்கள் 12; ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் குழாய்க்கு இரண்டாக 24. பழைய ரப்பர் சூட்டில் இறுகி ஆயில் கசியும். 1961 முதல் ஹீட்டருக்கு எஞ்சினைக் குளிர்வித்த காற்றையே எடுப்பதால் ஆயில் நாற்றம் கார் உள்ளேயே வரும். 24-ஐயும் சூடு தாங்கும் விட்டான் ரப்பர் ரகத்துக்கு மாற்றுங்கள். ஒன்றிரண்டு மாற்றுவது வீண் வேலை.

எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபேனைச் சுழற்றும் பெல்ட் செங்குத்தாகக் கிளம்பி, திரும்பிப் படுக்கையாக ஓடுகிறது. அதிகம் இறுக்கினால் சீக்கிரம் அறும். அறுந்ததும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும்; உடனே எஞ்சினை அணையுங்கள். உதிரி பெல்ட்டும் 9/16 அங்குல ஸ்பேனரும் காரிலேயே இருக்கட்டும்.