அபார்ட்மென்ட் வால்வு, ஹைட்ரன்ட்: முதல்முறை சோதிப்பவர்களுக்கு

அல்சூரில் எங்கள் அபார்ட்மென்டில் ஒரு ராத்திரி பேஸ்மென்ட் பைப் உடைந்தது. மெயின் வால்வை நாலு பேர் மாறி மாறித் திருகியும் அது அசையவில்லை. கட்டிடம் கட்டிய நாளிலிருந்து யாருமே தொடாத வால்வு. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பெங்களூருக்கு ஏற்றிக் கொண்டுவரும் காவிரித் தண்ணீர், கார் பார்க்கிங்கில் கணுக்கால் அளவு நின்றது. அப்புறம்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வால்வையும் திருகிப் பார்க்க ஆரம்பித்தோம்.

முதலில் நிலத்தடித் தொட்டியான சம்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டி வரை நடந்து, ஒவ்வொரு வால்வுக்கும் எண் எழுதிய தகரத்துண்டைக் கட்டுங்கள். எதை மூடினால் எந்த வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்று நோட்டில் குறியுங்கள். கேட்டுக்கு வெளியே சாலையில் இருப்பது குடிநீர் வாரியத்துடையது, அதில் கை வைக்க வேண்டாம்.

கேட் வால்வை (திருகத் திருக உள்ளே ஒரு தட்டு இறங்கித் தண்ணீரை அடைக்கும் வகை) சுற்றுகளை எண்ணிக்கொண்டே மெதுவாக மூடுங்கள். சட்டென்று மூடினால் ஓடிவரும் தண்ணீர் முட்டி, பைப்பே 'டம்' என்று அதிரும். ஜாயின்டுகள் விட்டுப்போவது இப்படித்தான். நாலு அங்குல வால்வு சுமார் 14 சுற்றில் மூடும். ஏழெட்டிலேயே நின்றால் உள்ளே துருவோ மண்ணோ இருக்கிறது. பைப் துண்டை மாட்டி நெம்பாதீர்கள், ஸ்பின்டில் (கைப்பிடியிலிருந்து உள்ளே போகும் தண்டு) முறிந்துவிடும். மூன்று சுற்று மூடி, இரண்டு சுற்று திறந்து, திரும்ப மூடுங்கள். ஓடும் தண்ணீரே அழுக்கை அடித்துக்கொண்டு போகும். எங்கள் மெயின் வால்வு இப்படி ஆட்டி ஆட்டித்தான் வழிக்கு வந்தது, முக்கால் மணி நேரம் ஆனது. திறக்கும்போது முழுக்கத் திறந்து, கால் சுற்று பின்னால் திருப்பி விடுங்கள். ஸ்பின்டில் அடியில் தண்ணீர் கசிந்தால் கிளாண்ட் நட்டுகளை (ஸ்பின்டிலைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கயிற்றை அழுத்திப் பிடிப்பவை) இரு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளாண்ட் கயிற்றை மாற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

சரி, அடுத்து ஹைட்ரன்ட், அதாவது தீயணைக்க ஹோஸ் மாட்டும் குழாய்வாய். இதைத் தனியாளாகச் செய்யவே கூடாது. பைப்பில் அழுத்தம் குறைந்ததும் தீயணைப்பு பம்ப் தானாக ஓடும், அதனால் பம்ப் அறையில் ஒருவர் நிற்கட்டும். மூடியைக் கழற்றி, வாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷரை விரலால் தடவிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். 63 மி.மீ. ஹோஸை மாட்டி, இரண்டு பேர் இறுகப் பிடித்துக்கொள்ள, மெல்லத் திறவுங்கள். முதலில் டிகாஷன் நிறத்தில் வரும். தெளியும்வரை விடுங்கள். அந்தத் தண்ணீரை டிரம்மில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். 2024 கோடையில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் போட்ட ஊர் இது. மூடிய பிறகும் வாயில் சொட்டினால் ஹைட்ரன்ட் வால்வுக்குள் இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது.

கிளம்பும் முன் பம்ப் பேனல் சுவிட்ச் ஆட்டோவில் (தானாக ஓடும் நிலையில்) இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். தேதியையும் சுற்று எண்ணிக்கையையும் அன்றே நோட்டில் ஏற்றுங்கள்.