பழைய ரோஜாத் தோட்டத்தை மீட்கப் போகிறீர்களா? கத்தரியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

பாரம்பரியத் தோட்டம் ஒன்றில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ரோஜாக்களைச் சரிசெய்யத் தன்னார்வலராகச் சேர்ந்தவுடன் கை பரபரக்கும். புதர் மண்டிக் கிடக்கிறதே, ஒரே நாளில் வெட்டித் தள்ளிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். செடி பிழைத்தாலும் அது என்ன ரகம் என்று தெரியாமல் போனால், சேகரிப்புக்குப் பாதிப் பயன்தான்.

எதை நீங்களே வெட்டலாம், எதற்குக் கேட்க வேண்டும் என்பதைப் பொறுப்பாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நடவு வரைபடம், செடிப் பதிவேடு, பழைய புகைப்படம், நாற்றுப்பண்ணை ரசீது என்று எது கிடைத்தாலும் பார்த்துவிடுங்கள். அப்புறம் பாத்திவாரியாக ஒவ்வொரு செடிக்கும் எண் போடுங்கள். பெயர்ப்பலகைகளை அப்படியே நம்ப வேண்டாம், செடி செத்தபின்னும் பலகை நிற்கும். அதில் உள்ளதைக் கேள்விக்குறியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பூக்கும் பருவம் முழுவதும் பொறுமையாகப் பாருங்கள். பூவை மட்டும் படம் எடுத்தால் போதாது; மொட்டு, புல்லி இதழ், முள், இலை, காய் எல்லாம் வேண்டும். மொட்டில் பாசி படர்ந்தது போல இருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு பிசின் வாசனை வந்தால் அது மாஸ் ரோஜா. இந்த மாதிரி விஷயங்கள் படத்தில் தெரியாது, குறிப்பில்தான் எழுத வேண்டும்.

ஒட்டுச்செடிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கவனிப்பில்லாத இடங்களில் மேலே ஒட்டிய ரகம் செத்துப்போய், வேருக்காக வைத்த அடிச்செடி மட்டும் செழித்து நிற்கும். ஒரே மாதிரி அடர்சிவப்புப் பூ பல பாத்திகளில் பூத்தால், அடிச்செடியாக அதிகம் பயன்பட்ட 'டாக்டர் ஹியூயி'யாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஓர் இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் அது காட்டுத் துளிர், அதாவது அடிச்செடியிலிருந்து கிளம்பியது என்று சொல்வார்கள், அதை நம்பிக் கை வைக்காதீர்கள், பழைய ரோஜாக்கள் பலவற்றுக்கும் ஏழு உண்டு. மண்ணை விலக்கி, ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்புகிறதா என்று பார்த்து, அப்படியென்றால் அடியோடு பிய்த்தெடுங்கள். கத்தரித்தால் மீண்டும் துளிர்க்கும்.

எந்தச் செடியையும் பலமாக வெட்டுவதற்கு முன் அதிலிருந்து சில குச்சிகளை வெட்டித் தொட்டியில் நட்டு வேர்பிடிக்க வைத்துவிடுங்கள். பூத்து முடிந்த கிளையில் பென்சில் தடிமனில், 15 முதல் 20 செ.மீ. நீளத்தில் எடுத்தால் போதும், ஆனால் தொட்டியில் செடி எண் கட்டாயம்.

கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்கும் வேலைக்கு வருவோம். காய்ந்ததும் நோயுற்றதும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். உயிருள்ள கிளைக்குத்தான் யோசனை தேவை: காலிகா, ஆல்பா, பெரும்பாலான டமாஸ்க் ரோஜாக்கள் வருஷத்துக்கு ஒரே முறை, அதுவும் முந்தைய வருஷக் கிளையில்தான் பூக்கும். பருவத்துக்கு முன்னால் ஒட்ட வெட்டினால் அந்த வருஷப் பூவே போச்சு. பூத்து முடிந்ததும் வெட்டுங்கள். 1867-இல் வந்த 'லா பிரான்ஸ்' போன்ற ஹைப்ரிட் டீ வகைகள் திரும்பத் திரும்பப் பூப்பவை, அவற்றைக் குளிர்கால முடிவில் வெட்டலாம். ரொம்பக் கிழடான புதரில் வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு முதிர்ந்த தண்டுகளை மட்டும் அடியிலிருந்து எடுங்கள்.

செத்த செடியின் குழியிலேயே புது ரோஜாவை வைத்தால் பெரும்பாலும் தேறாது, பழைய மண் ஒத்துக்கொள்ளாது. ஏறக்குறைய 45 செ.மீ. ஆழ அகலத்துக்கு மண்ணை மாற்றிவிட்டு நடுங்கள். பெயர் அட்டையில் பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும்.