கேள்வியைப் படிக்காமல் விழுக்காட்டை நம்பும் தவறு

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தை மக்கள் ஆதரிக்கிறார்கள் என்றோ எதிர்க்கிறார்கள் என்றோ செய்தி வரும்போது, பலர் செய்யும் முதல் தவறு, விழுக்காட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கேள்வியின் வாசகத்தைப் படிக்காமல் விடுவதுதான். 2009 ஜூனில் என்பிசி தொலைக்காட்சியும் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழும் நடத்திய கருத்துக்கணிப்பில், அரசுக் காப்பீடு, தனியார் காப்பீடு ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தருவது எவ்வளவு முக்கியம் என்று கேட்கப்பட்டது. 76 விழுக்காட்டினர் முக்கியம் என்றனர். ஆகஸ்டில், தனியார் நிறுவனங்களோடு நேரடியாகப் போட்டியிடும் அரசுக் காப்பீட்டை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, ஆதரவு 43 விழுக்காடாக இருந்தது. அந்தக் கோடையில் எதிர்ப்புப் பிரசாரம் கடுமையாக நடந்தது உண்மையே. ஆனாலும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு என்ற சொற்கள் நீங்கியபின் கேட்கப்பட்டது வேறொரு கேள்வி என்பதால், இரண்டு எண்களையும் அருகருகே வைத்து மக்கள் மனம் மாறிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

இதைவிடப் பெரிய தவறு, எதிர்ப்பவர்கள் அனைவரையும் ஒரே அணியாக எண்ணுவது. 2010 மார்ச்சில், அதிபர் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறிய நாள்களில், சிஎன்என் கணிப்பில் 59 விழுக்காட்டினர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஏன் என்று மேலும் கேட்டதால்தான், அவர்களில் ஒரு பகுதியினர், அதாவது மொத்தத்தில் 13 விழுக்காட்டினர், சட்டம் போதிய அளவு முற்போக்காக இல்லை என்பதால் எதிர்த்தது தெரியவந்தது. அந்தத் துணைக்கேள்வி இல்லாதிருந்தால், இன்னும் அதிகம் வேண்டும் என்றவர்களின் குரலும் எதுவுமே வேண்டாம் என்ற கணக்கில் சேர்ந்திருக்கும். மருத்துவச் செலவால் கடனில் விழும் குடும்பங்களைப் பாதிக்கும் சட்டத்தில் இது பொறுத்துக்கொள்ளத்தக்க கவனக்குறைவு அன்று.

பெயரின் விளைவையும் பாதியாகச் சொல்லக் கூடாது. 2013இல் சிஎன்பிசி நடத்திய கணிப்பில், அந்தச் சட்டத்தை ஒபாமாகேர் என்ற பேச்சுவழக்குப் பெயரால் குறிப்பிட்டுக் கேட்டபோது எதிர்ப்பு 46 விழுக்காடு. அதன் முறையான பெயரைச் (Affordable Care Act) சொன்னபோது 37. இதை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள், அதிபரின் பெயரால் ஆதரவும் 22இலிருந்து 29 ஆக உயர்ந்ததை விட்டுவிடுகிறார்கள்.

2019 ஜனவரியில் கைசர் குடும்ப அறக்கட்டளையின் கணிப்பில், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை எல்லோருக்கும் விரிவாக்கும் ‘அனைவருக்கும் மெடிகேர்’ என்ற திட்டத்துக்கு ஆதரவு 56 விழுக்காடு. காப்பீடு அனைவருக்கும் உரிமையாகும் என்று சொன்னபோது அது 71 ஆக உயர்ந்தது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் இல்லாமற்போகும் என்று சொன்னபோது 37 ஆகச் சரிந்தது. விவாதத்தில் இவற்றில் ஒன்றை மட்டும் எவர் காட்டினாலும், எந்த விளைவைச் சொல்லிக் கேட்டபோது கிடைத்த பதில் அது என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.