விக்கிப்பீடியாவில் மாற்றுக்கருத்து எழும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு வட்டார நூலகத்தில், விக்கிப்பீடியாவில் எழுதிப் பழக வந்த தொண்டூழியர்களுடன் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் சேர்த்த பத்தியை யாரோ பத்து நிமிடத்தில் நீக்கிவிட, அவர் சற்றும் யோசிக்காமல், பிறர் செய்த மாற்றத்தை ரத்துசெய்யும் ‘மீளமை’ என்பதை அழுத்தினார்; மீண்டும் நீக்கப்பட்டதும் மீண்டும் அழுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததும் அதுவே. மேற்கோள் இல்லாமல் எழுதக் கூடாது, பிறர் எழுத்தை நகலெடுக்கக் கூடாது என்பவற்றை எல்லா உதவிப் பக்கங்களும் சொல்லிவிடுவதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தொகுப்புச் சுருக்கத்தில் வாதாடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. ஒரு மாற்றத்தைச் சேமிக்கும்போது அதன் காரணத்தைக் குறிக்கும் சிறு பெட்டிதான் தொகுப்புச் சுருக்கம். சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், நிறுவப்பட்ட ஆண்டு 1827 என்று நான் எழுதியிருந்தேன். இன்னொரு பயனர் அதை 1823 என்று மாற்றினார். நான் மீளமைத்து, சுருக்கப் பெட்டியில் “1823 தவறு, மூலத்தைப் பார்க்கவும்” என்று எழுதினேன். “நானும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்” என்ற பதிலோடு அவர் திருப்பி மாற்றினார். நான்காம் முறை மீளமைத்தபோது, மூலத்தைப் படிக்கத் தெரியாதவரோடு பேசிப் பயனில்லை என்றும் எழுதிவைத்தேன். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் மாற்றங்களை மீளமைக்கக் கூடாது என்பது ஆங்கிலப் பதிப்பின் விதி. அன்று மாலையே எனக்கு ஒரு நாள் தடை கிடைத்தது. அது நியாயமான தடைதான்.

சுருக்கப் பெட்டியில் எழுதுவதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், மற்றவரும் கட்டுரையைத் தொகுத்தாக வேண்டும்; வேறு வழி இல்லை. ஆகவே அங்கே வாதத்தைத் தொடங்குபவர், தாம் அறியாமலே, அடுத்த மீளமைப்புக்கு எதிராளியை அழைக்கிறார். போதாக்குறைக்கு, சேமித்துவிட்ட சுருக்கத்தைத் திருத்தவும் முடியாது. கோபத்தில் நான் எழுதிய அந்த வரி, என் பயனர் பெயரோடு இன்றும் அந்தப் பக்கத்தின் வரலாற்றில் இருக்கிறது. இடமும் குறைவு. 2018க்கு முன் அந்தப் பெட்டி 255 பைட்டுகளை மட்டுமே ஏற்றது. தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும் என்பதால் 85 குறியீடுகளில் பேச்சு முடிந்துவிடும். கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியீடுகள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இப்போது 500 குறியீடுகள் வரை எழுதலாம் என்றாலும், அது ஒரு மாற்றத்தின் காரணத்தைச் சொல்லத்தான் போதும். வழக்கை நடத்தப் போதாது.

தடை நீங்கியபின், கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் என்னிடம் இருந்த மூலத்தின் வரியையும், அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதையும் நான்கு வாக்கியங்களில் எழுதினேன். அவரும் தம் மூலத்தை அதன் கீழே வைத்தார். கோயிலுக்கான இடம் கிடைத்தது 1823இல். மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கோயில் எழுந்தது 1827இல். செங்கல் கட்டடம் வந்ததோ 1843இல். எங்கள் இருவரிடமும் பிழை இல்லை. ‘நிறுவப்பட்டது’ என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் இரண்டு நிகழ்ச்சிகளைத் திணிக்கப் பார்த்ததுதான் கோளாறு. ஆண்டுகளைப் பிரித்து எழுதியதும் சச்சரவு அடங்கியது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். அவர் தம் முதல் தொகுப்பிலேயே ஒரு முறிந்த இணைப்பையும் ஓர் எழுத்துப் பிழையையும் சரிசெய்திருந்தார். மீளமைத்தால் முழுத் தொகுப்பும் போய்விடும் என்பதால், நான்கு முறையும் அந்தத் திருத்தங்களை நானே குப்பையில் போட்டிருக்கிறேன். ஒரு சொல்லில்தான் உங்களுக்கு உடன்பாடில்லை என்றால், அந்தச் சொல்லை மட்டும் மாற்றுங்கள்.

மூன்று மீளமைப்புகள் உரிமை என்று நினைப்பது

அது உரிமையன்று. வெவ்வேறு வரிகளை மாற்றினாலும் எண்ணிக்கையில் சேரும். 25ஆம் மணி நேரத்துக்காகக் காத்திருந்து அழுத்துபவரையும் நிர்வாகிகள், மாறி மாறி மீளமைக்கும் தொகுப்புப் போருக்காகத் தடுப்பார்கள்.

தலைகளை எண்ணுவது

பேசி எட்டும் இணக்கமுடிவு என்பது வாக்கெடுப்பன்று. ஐந்து பேர் “ஆம்” என்று மட்டும் எழுதியிருக்க, ஆறாமவர் நம்பகமான மூலத்தோடு “இல்லை” என்று எழுதினால், அவருடைய வாதத்தையே முதலில் எடைபோட வேண்டும். இருவருக்கு மட்டுமே இடையிலான பிணக்கு என்றால் ஆங்கிலப் பதிப்பில் தொடர்பில்லாத ஒருவரிடம் மூன்றாம் கருத்தைக் கேட்க வழி உண்டு. தமிழ்ப் பதிப்பில் ஆலமரத்தடி என்னும் பொது உரையாடல் பக்கத்தில் கேட்கலாம். கேட்கும்போது, மற்றவர் தரப்பையும் அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் எழுதுங்கள். “இவர் வேண்டுமென்றே குழப்புகிறார், தீர்ப்புச் சொல்லுங்கள்” என்று தொடங்கும் வேண்டுகோளைப் பார்த்ததும் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் ஆள் திரட்டுவது

கூடாது.

இரண்டாவது கணக்கு

கண்டுபிடித்துவிடுவார்கள்.

பக்கத்தைப் பூட்டச் சொல்லி ஓடுவது

போர் முற்றினால் நிர்வாகி பக்கத்தைக் காப்பிடுவார். ஆனால் பெரும்பாலும், அந்த நொடியில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதையேதான் பூட்டுவார். எது சரி என்று அவர் தீர்ப்பளிப்பதில்லை. பூட்டப்படுவது எப்போதும் தவறான பதிப்புதான் என்று விக்கிப்பீடியர்களிடையே ஒரு பழைய நகைச்சுவை உண்டு. அவதூறு அல்லது தனிமனிதரைப் பற்றிய ஆதாரமற்ற செய்தி என்றால் உடனே நீக்க வேண்டும், அதில் விவாதமே இல்லை. மற்றபடி, பிழை என்று நீங்கள் நினைக்கும் வரி ஒரு வாரம் அப்படியே கிடப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அவரும் பேசி முடிக்கும்வரை அந்தக் கட்டுரையில் 1823 என்ற எண் பதினொரு நாள் இருந்தது. அதைப் படித்துவிட்டு யாரும் சவுத் பிரிட்ஜ் சாலையில் வழி தவறியதாகத் தெரியவில்லை.