டுரியானுக்கு இன்னொரு கால்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முசாங் கிங் ரக டுரியான் மரங்கள் இரண்டு. ஒரே வயது, ஒரே உரம். ஒன்று மளமளவென்று வளர்ந்தது. மற்றொன்று தளிர்விடவே யோசித்தது. அடியில் குனிந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது: ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே தண்டு பருத்திருக்க, கீழே வேர் தாங்கும் வேர்ச்செடி ஒல்லியாகவே நின்றுவிட்டது.

முசாங் கிங் ஒட்டுகள் எல்லாம் ஒரே ரகம்தான். ஆனால் வேர்ச்செடி கம்பத்து டுரியான், அதாவது நாட்டு டுரியான், கொட்டையில் முளைப்பது. கொட்டைக்குக் கொட்டை குணம் மாறும். வேரின் வீரியமும், பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியால் வரும் அழுகலைத் தாங்கும் சக்தியும் அப்படித்தான். வாங்கும்போது எல்லாரும் மேலே உள்ள ரகத்தை மட்டும் கேட்கிறோம்.

எஸ்டேட்டில் கித்தாவுக்கு (ரப்பர் மரத்துக்கு) ஒட்டுப் போட்டுப் பழகிய பெரியப்பா, "இன்னொரு கால் கொடுடா" என்றார். கூடுதலாக ஒரு வேர்ச்செடியை மரத்தோடு ஒட்டச் சொன்னார். திடமான கம்பத்து டுரியான் கன்றுகள் இரண்டை அடிமரத்தை ஒட்டி நட்டேன். தண்டு பென்சில் கனம் வந்ததும் தலையை வெட்டி, முனையைச் சாய்வாகச் சீவினேன். பழைய ஒட்டுக்கு மேலே மரப்பட்டையில் தலைகீழ் 'டி' வடிவில் கீறி, பட்டையை மெல்ல நெகிழ்த்தி, சீவிய முனையை மேல்நோக்கிச் செருகி, பிளாஸ்டிக் டேப்பால் இறுக்கிக் கட்டினேன். மழை நாளில் இதைச் செய்யவே கூடாது. உள்ளே தண்ணீர் இறங்கினால் அழுகிவிடும். அப்புறம், கன்றின் பக்கத் தளிர்களை விடாமல் கிள்ள வேண்டும்.

ஒரு கன்று பிடிக்கவில்லை. பிடித்த கன்று இப்போது என் கட்டைவிரலைவிடப் பருமன்; மரத்தின் இலைகளும் கரும்பச்சைக்குத் திரும்பிவிட்டன. பட்டுப்போன கன்றுக்குப் பதில் வேறொன்று நட்டிருக்கிறேன்.